இரண்டாம் பிரதி

ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதீர்கள். ரயிலில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு காதை எங்கே கழற்றி வைப்பது? காலையிலிருந்து ஆபீஸ் மெயில் போகவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று போனில் ஒருவரைப் போட்டு வறுத்தெடுத்தீர்களே, அந்த மனிதரை நினைத்துத்தான் எனக்குப் பாவமாக இருந்தது. அவர் என்ன சொன்னார்? ‘செக் பண்ணிட்டிருக்கோம் மேடம்’ என்றாரா? அப்படித்தான் சொல்வார். நானும் அதைத்தான் சொல்வேன். பதினான்கு வருஷம் சொல்லியிருக்கிறேன்.

ஆமாம், நான்தான். கோயமுத்தூரில் ஒரு கம்பெனி, நூற்பாலைகளுக்கு உதிரி பாகங்கள் செய்கிறவர்கள். பெயர் வேண்டாம். அங்கே மெயில் சர்வருக்குப் பொறுப்பு நான். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? இந்த வயதுக்கும் இந்தப் புடவைக்கும் பொருந்தவில்லையா? எனக்கும் பொருந்தவில்லைதான். நான் படித்தது பி.ஏ. தமிழ் இலக்கியம். வேலைக்குச் சேர்ந்தது டெலக்ஸ் ஆபரேட்டராக. டெலக்ஸ் போயிற்று, ஃபேக்ஸ் வந்தது. ‘செய்தி அனுப்புகிறது சுலோச்சனா வேலை’ என்று ஃபேக்ஸை என் மேசையில் வைத்தார்கள். ஃபேக்ஸ் போயிற்று, மெயில் வந்தது. அதையும் வைத்தார்கள். யாரும் என்னை எதற்கும் தேர்ந்தெடுக்கவில்லை. நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

எனக்கென்று ஓர் அறை கொடுத்தார்கள். சர்வர் சூடாகக் கூடாது என்பதால் அதில் ஏ.சி. கம்பெனியிலேயே எம்.டி. அறைக்கும் என் அறைக்கும்தான் ஏ.சி. அதனால் காலையில் பெண்கள் எல்லாரும் சாயங்காலம் வைத்துக்கொள்ள வாங்கிய மல்லிகையை இலையோடு கொண்டுவந்து சர்வர் மேல் வைத்துவிட்டுப் போவார்கள். கணக்குப் பிரிவில் ஒருவர் இன்சுலின் வைப்பார். கேன்டீன்காரர் கோடையில் தயிர் வைக்கப் பார்த்தார், அதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல அறை. பூ வாசனையும் விசிறிச் சத்தமும்.

அந்தக் கம்பெனியில் நாற்பத்தெட்டுப் பேருக்கு மெயில் உண்டு. ஒரு நாளைக்கு இருநூறு கடிதம் போகும், வரும். அதற்கு அந்த சர்வர் தாராளம். ஆனால் ஒரு மார்ச் மாதம் எல்லாம் நின்றுபோயிற்று. நின்றது என்றால் முழுசாக நிற்கவில்லை. இப்போது நம் வண்டி நிற்கிறதே, அதுபோல. புறப்படப் போகிற மாதிரியே இருக்கும், புறப்படாது. அனுப்பிய கடிதம் நாற்பது நிமிஷம் கழித்துப் போகும். கீழ்த்தளத்தில் இருக்கிறவர் மேல்தளத்துக்கு எழுதினால், எழுதியதை மறந்துவிட்டு மாடியேறிப் போய்ச் சொல்லிவிட்டுக் கீழே வந்து டீ குடித்த பிறகு அந்தக் கடிதம் போய்ச் சேரும்.

இதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்ல வந்தேன். முதல் நாளே தெரியும். மூன்று வாரம் தேடுகிற மாதிரி நடித்தேன்.

அதற்கு ஆறு வருஷம் முன்னால் விற்பனைப் பிரிவில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். போகும்போது வாடிக்கையாளர் விலாசம் எல்லாவற்றையும் போட்டிக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எம்.டி. என்னைக் கூப்பிட்டார். பெயர் சின்னராசு. லேத்தில் வேலை செய்து மேலே வந்த மனிதர். கதவைச் சாத்தச் சொன்னார்.

“இத பாருங்க அம்மிணி. நம்ம ஆளுக ஆராருக்கு என்னென்ன எழுதறாங்கன்னு எனக்கொரு காப்பி வரோணும். அவிகளுக்குத் தெரியப்படாது. ஜி.எம்.முக்கும் தெரியப்படாது. முடியுங்களா?”

“முடியும் சார்.”

“உங்ககிட்டச் சொன்னா கெணத்துல போட்ட கல்லு மாதிரி. அதனாலதான் சொல்றேன்.”

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கல் என்று சொன்னதைச் சொல்லவில்லை, அந்த நம்பிக்கையைச் சொல்கிறேன். அன்றைக்கே ஒரு பெட்டி செய்தேன். யார் எழுதினாலும், யாருக்கு வந்தாலும், ஒரு பிரதி சத்தமில்லாமல் அதில் போய் விழும். எம்.டி.யின் கம்ப்யூட்டரில் ஓரமாக அந்தப் பெட்டி தெரியும். திறந்தால் படிக்கலாம். என் கம்ப்யூட்டரிலும் அதே பெட்டி தெரியும், சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டுமே.

ஆறு வருஷத்தில் அது மூன்றரை லட்சம் கடிதமாயிற்று. படங்கள், வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் பிரதி. புதிதாக ஒரு கடிதம் வந்தால் அதைப் பெட்டியில் வைத்து, முழு அட்டவணையையும் திரும்பச் சரிபார்த்துவிட்டுத்தான் சர்வர் அடுத்த கடிதத்தைத் தொடும். பாவம், அது என்ன செய்யும்? வீட்டில் ஒரே ஒரு அலமாரி, அதில் ஊர்ப்பட்ட துணி, ஒரு கைக்குட்டை வைக்க வேண்டுமானாலும் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும் என்றால்?

பெட்டியை நிறுத்தினால் எல்லாம் ஓடும். ஆனால் எம்.டி. வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் சொல்லாமல் நான் எப்படி நிறுத்துவது? விசுவாசம் என்று ஒன்று இருக்கிறது. கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

அதனால் தேடினேன். எப்படித் தேடினேன் என்று கேளுங்கள். முதல் வாரம் வயரை எல்லாம் மாற்றினேன். எலி கடித்திருக்கலாம் என்று சொல்லி எலிப்பொறி வைத்தேன். எலி அகப்படவில்லை, கேன்டீன்காரரின் செருப்பு அகப்பட்டது. இரண்டாம் வாரம் ஜி.எம். சம்பந்தம் யாரோ வாஸ்துக்காரரிடம் கேட்டு வந்து, சர்வர் தெற்கே பார்க்கிறது, கிழக்கே திருப்புங்கள் என்றார். திருப்பினேன். திருப்பினதில் ஏதோ ஒரு வயர் கழன்று, மெதுவாக வந்துகொண்டிருந்த மெயிலும் அடியோடு நின்றது. இரண்டு மணி நேரம் கழித்து வயரைக் கண்டுபிடித்து மாட்டினேன். கடிதங்கள் பழையபடி நாற்பது நிமிஷத் தாமதத்தில் வரத் தொடங்கின. ‘பரவாயில்லை, சரியாயிடுச்சு’ என்று நாலைந்து பேர் வந்து கை கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

சிரியுங்கள். நானும் இப்போது சிரிக்கிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் ஜி.எம். கூட்டம் போடுவார். “மேடம், ரூட் காஸ் என்ன?” என்பார். நான் எழுந்து நின்று ஒரு சொல் சொல்வேன். ஒரு வாரம் ‘நெரிசல்’ என்றேன். ஒரு வாரம் ‘வெப்பம்’. இலக்கியம் படித்தது வீண்போகவில்லை பாருங்கள்.

மூன்றாம் வாரம் வினையாகிவிட்டது. வங்கதேசத்தில் ஒரு மில்லுக்கு விலைப்பட்டியல் அனுப்பினார்கள், மாலை ஐந்து மணிக்குள் சேர வேண்டும். நாலரைக்கு அனுப்பினார்கள். ஐந்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆர்டர் கை நழுவிப்போயிற்று. ஜி.எம். முகம் கறுத்துப்போய், பெங்களூரிலிருந்து முரளீதரன் என்று ஒரு நிபுணரை வரவழைத்தார். நாற்பத்தைந்து வயது, அமைதியான ஆள். என் அறையில் உட்கார்ந்து, பூ வாசனையில் இரண்டு தும்மல் போட்டார். பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

“அம்மா, இந்த ஒரு பெட்டி மட்டும் ஏன் இவ்வளவு பெருசு?”

“அது எம்.டி.யோடது. தொடக் கூடாது.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி,” என்றார். “எல்லாக் கம்பெனியிலயும் இப்படி ஒண்ணு இருக்கும்மா.” அதற்கு மேல் கேட்கவில்லை. வந்ததற்கு ஏதாவது எழுத வேண்டுமே, அந்தப் பெட்டியை விட்டுவிட்டு மற்றவற்றில் பெரிய பெட்டிகள் எவை என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பட்டியலில் முதல் பெயர் ஜெசிந்தா.

ஜெசிந்தா டிராயிங் செக்‌ஷன். நாளைக்குப் பத்து வரைபடம் அனுப்புகிறவள், அவள் பெட்டி பெரிதாக இல்லாமல் யாருடையது பெரிதாக இருக்கும்? அதை ஜி.எம்.முக்கு யாராவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருக்கலாம். ஜி.எம். அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். வரைபடங்களுக்கு நடுவே அவள் தன் கணவனுக்கு எழுதிய கடிதங்கள். அவன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸிலிருந்து எழுதுவாள். கடிதம் எவ்வளவு எடை இருக்கும்? ஆயிரம் கடிதம் சேர்ந்தாலும் ஒரு வரைபடம் ஆகாது. ஆனால் ஜி.எம்.முக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கம்பெனி மெயிலில் சொந்த விஷயம், அதனால் சர்வர் தாமதம், அதனால் ஆர்டர் போயிற்று என்று மெமோ கொடுத்துவிட்டார். அவள் ஒப்பந்த ஊழியர். வருஷா வருஷம் ஏப்ரலில் புதுப்பிக்க வேண்டும். ‘இந்தத் தடவை புதுப்பிக்கப் போறதில்ல’ என்று என்னிடமே சொன்னார். ஏப்ரலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நல்ல பெண். அவன் இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டான். ‘சாப்பிட்டாயா, குழந்தை தூங்கினாளா’ அவ்வளவுதான். அவள் பக்கம் பக்கமாக எழுதுவாள். தண்ணீர் வந்ததா, மகள் பள்ளிக்கூடத்தில் யாரைக் கடித்தாள், மாமியார் என்ன சொன்னாள், தான் என்ன சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டாள். நன்றாக எழுதுவாள். ‘இன்றைக்கு மழை பெய்தது, உங்கள் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தேன்’ என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அவன் ஊருக்கு வந்துபோய் அப்போது ஏழு மாதம். அவன் சட்டை எப்படிக் கொடிக்கு வந்தது? யோசித்துப் பாருங்கள். அவள் அதை விளக்கவில்லை.

இல்லை, இல்லை, நான் உட்கார்ந்து படித்ததில்லை. சரியாக விழுகிறதா என்று பார்க்கத் திறக்கும்போது கண்ணில் படும். ஸ்டோர்ஸ் தணிகாசலம் தன் தம்பியோடு பதினோரு வருஷமாகப் பேசுவதில்லை, எழுத்தில்தான் சண்டை, அதுவும் மரியாதையாக, ‘தாங்கள்’ போட்டு. கொள்முதலில் ஒருவர் தனக்குத்தானே கடிதம் எழுதிக்கொள்வார், காலையில் அனுப்பி மாலையில் பதில் போடுவார். இதெல்லாம் யாருக்கு வேண்டும்? எனக்கு வீடு சிங்காநல்லூரில். ஐந்தரைக்குக் கம்பெனி வண்டி. ஆனால் அன்றைக்கு வந்ததைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புவதற்குள் வண்டி போய்விடும். ஏழு மணி டவுன் பஸ்தான். ஆறு வருஷமும் ஏழு மணி பஸ்தான். வேலை அப்படி.

மெமோ வந்த அன்று மதியம் ஜெசிந்தா என் அறைக்கு வந்தாள். அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, என்னாலதான் எல்லாருக்கும் லேட்டாகுதாக்கா?”

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்.

“நான் எல்லாத்தையும் அழிச்சுடறேன். அழிச்சுட்டேன்னு ஜி.எம். சார்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த வேலை போச்சுன்னா எங்க மாமியா என்னய ஊருக்கே கூட்டிட்டுப் போயிருவாங்க. பாப்பாவ அங்க படிக்க வைக்க முடியாதுக்கா.”

“ஒண்ணொண்ணா வேண்டாம்மா. மொத்தமாத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டுல அழிச்சுரலாம். நான் பண்ணித் தரட்டுமா?”

“வேண்டாங்க்கா. பாத்துட்டு அழிச்சுக்கறேன்.”

என் மேசையிலேயே உட்கார்ந்து அழித்தாள். ஒவ்வொன்றாகத் திறப்பாள். உதடு அசையும். அழிப்பாள். அடுத்தது. சில கடிதத்துக்குச் சிரித்தாள். ஒன்றில், ‘ஐயோ, இத நானா எழுதினேன்’ என்று என் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு, என்ன எழுதினாள் என்று சொல்லாமலேயே அழித்தாள். எது என்று எனக்குத் தெரியும். நான் இந்தப் பக்கம் ஒரு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றுவேன், பிரிப்பேன், திரும்பச் சுற்றுவேன். ஐந்து வருஷக் கடிதம் மூன்று மதியச் சாப்பாட்டு வேளையில் முடிந்தது. ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.

அடுத்த நாள் மெயில் நாற்பது நிமிஷம். கொஞ்சமும் குறையவில்லை. ஏன் குறையப் போகிறது?

அவள் வந்து கதவருகில் நின்றாள். “இன்னமும் லேட்டாகுதாமே அக்கா. அப்ப நான் அழிச்சது?” என்றாள். ‘செக் பண்ணிட்டிருக்கேம்மா’ என்றேன்.

அன்றைக்குத்தான் எம்.டி. அறைக்குப் போனேன். ஆறு வருஷம் சுமந்த ரகசியத்தை இறக்கி வைக்க அனுமதி கேட்க. வாசகம்கூடத் தயார் செய்துகொண்டு போனேன். ‘தாங்கள் என்மேல் வைத்த நம்பிக்கைக்கு’ என்று ஆரம்பம். ஏன் சிரிக்கிறீர்கள்? எழுதி மனப்பாடம் செய்திருந்தேன்.

“எந்தப் பொட்டிங்க அம்மிணி?” என்றார்.

சொன்னேன். விற்பனைக்காரர்கள் இருவர், கதவைச் சாத்தியது, எல்லாம். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். அப்புறம் ஞாபகம் வந்தது.

“அடக் கெரகமே. அது இன்னும் ஓடுதா? ஒரே ஒரு நாளு தொறந்தனுங்க. ஆரோ ஆருக்கோ ஆணி அனுப்பலைன்னு எழுதியிருந்தாங்க. இதப் படிச்சா நான் எப்பத் தொழில் பண்றதுன்னு மூடிட்டேன். அப்பறமா நீங்களே நிறுத்தியிருப்பீங்கன்னு விட்டுட்டேன்.”

ஆறு வருஷம். அவர் மறந்துபோன ஓர் உத்தரவை நான் ஆறு வருஷம் காவல் காத்திருக்கிறேன். ஒரு கதவே இல்லாத இடத்தில் வாட்ச்மேன் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது நான்.

“சரி, எங்கெ, காட்டுங்க பாப்போம்,” என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவருடைய கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார். உருட்டினார். இன்னும் உருட்டினார்.

“ஏனுங்க அம்மிணி, படிக்காத லெட்டரு தடிமனான எழுத்துல இருக்கும்னு எம்பட பேரன் சொன்னானே.”

“ஆமாம் சார்.”

“இதுல ஒண்ணுகூடத் தடிமனா இல்லியே.”

நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் அறையில் ஏ.சி. என் அறையைவிட அதிகம்.

“நான் படிக்கலீங்களே,” என்றார்.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் ‘படித்தது’ என்று மாற்ற ஒரு வசதி இருக்கிறதே, அதைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? ஆமாம். சொல்லியிருக்கலாம். சர்வருக்குப் பொறுப்பானவள், அந்த நேரத்துக்கு அது எனக்குத் தோன்றவில்லை. ‘சோதனைக்காகத் திறந்தது சார்’ என்றேன்.

“மூணரை லச்சத்தையுமா?”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பெரிய மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அழிச்சுப் போடுங்க,” என்றார். பிறகு, நான் கதவுவரை போனபின், “வெளிய ஆருக்கும் சொல்ல வேண்டாங்க. எம்பட பேருக்கும் நல்லால்ல, உங்க பேருக்கும் நல்லால்ல,” என்றார். ஜெசிந்தாவைப் பற்றிக் கேட்டேன். ஜி.எம்.மைக் கூப்பிட்டு மெமோவைத் திரும்ப வாங்கச் சொன்னார். பழைய பெட்டி ஒன்று பழுதாகிக் கிடந்தது, அதுதான் காரணம், ஜெசிந்தாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நானே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம். வேலை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீஸில் யாருமில்லாதபோது பெட்டியை அழிக்கப் போனேன். அழிப்பதற்கு ஒரு பொத்தான்தான். விரலை வைத்தேன், எடுத்தேன். எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஜெசிந்தா தன் கையால் அழித்த ஆயிரத்து நூறு கடிதமும் இந்தப் பெட்டியில் இருக்கிறது. அவள் கணவனுடைய பெட்டி சின்னது, படித்ததும் அழித்துவிடுவான், அதனால் உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதை மட்டும் எடுத்து ஒரு சி.டி.யில் போட்டேன். மற்றவர்களுடையதைத் தொடவில்லை. தணிகாசலத்தின் தம்பி கடைசியாக எழுதியதை ஒருமுறை பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். பிறகு அழுத்தினேன். நான்கு மணி நேரம் அழிந்தது. நான் பக்கத்திலேயே இருந்தேன். சாப்பிடப் போகவில்லை.

திங்கட்கிழமை ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். “சர்வர்ல தானா ஒரு பிரதி தங்கியிருக்கும்மா. மிஷின் வெச்சுக்கறது. சுத்தம் பண்ணும்போது கிடைச்சது. நான் ஒண்ணும் பாக்கல.”

அவள் அந்தச் சி.டி.யை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மெமோ வந்தபோது அழாதவள் அப்போது அழுதாள். என்னைக் கட்டிக்கொண்டாள். என்னை யாராவது கட்டிக்கொண்டு எத்தனை வருஷம் இருக்கும் என்று கணக்குப் போட எனக்கு நேரமில்லை, அவ்வளவு இறுக்கமாக. “எல்லாமே இருக்காக்கா? பாப்பா மொதமொத நடந்தத எழுதினது? அதுவும் இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது என்று சொன்னேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. அவள் சந்தோஷமாக இருக்கிறாளே என்று, முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டேன்:

“உன் வீட்டுக்காரருக்குக் கால் வீக்கம் வடிஞ்சுதா?”

அவள் கை தளர்ந்தது. முகத்தை என் தோளிலிருந்து எடுத்தாள்.

“அவருக்குக் கால் வீங்கினது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீதானம்மா சொன்னே.”

“நான் எங்கம்மாட்டகூடச் சொல்லல.”

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏதோ சொன்னேன். கண்ணில் பட்டிருக்கும் என்று சொன்னேனோ, சோதனை என்று சொன்னேனோ, நினைவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை, சி.டி.யைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பளபளப்பில் அவள் முகமே தெரிந்திருக்கும்.

“எல்லாத்தையுமா?” என்றாள்.

“இல்லை,” என்றேன்.

சி.டி.யை உறையில் போட்டாள். பிறகு, “தேங்க்ஸ் மேடம்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எட்டு வருஷம் அக்கா என்று கூப்பிட்டவள். நான் ஓய்வு பெறும்வரை இன்னும் இரண்டு வருஷம், மேடம்தான். மரியாதைக்குக் குறைவே வைக்கவில்லை. அவள் யாரிடம் சொன்னாளோ, எத்தனை பேரிடம் சொன்னாளோ, நான் கேட்கவில்லை. அந்த வாரமே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எம்.டி.யை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னையும் முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தணிகாசலம் மட்டும் ஒருநாள் மதியம் வந்து, ‘எங்க தம்பி விசயத்துல நீங்க என்ன நெனைக்கறீங்க மேடம், தப்பு யாருமேல?’ என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டாரா, உண்மையிலேயே கேட்டாரா என்று இன்றைக்கும் புரியவில்லை. தம்பி மேல் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆனால் ஒன்று. சர்வர் பறந்தது. அனுப்பு என்று தட்டினால் மூன்று விநாடி. பெட்டி போய்விட்டது, அதனால் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த மாதம் கணக்கெடுத்தபோது பார்த்தால், நாளைக்கு இருநூறு கடிதம் போன இடத்தில் எழுபதுதான் போகிறது. அந்த எழுபதும் ஒரு வரி. ‘இணைப்பைக் காண்க.’ ‘பெற்றுக்கொண்டேன்.’ ‘ஆவன செய்யவும்.’ டெலக்ஸ் காலத்தில்கூட ஆட்கள் இதைவிடத் தாராளமாக எழுதினார்கள். நான் படிக்கவில்லை, கணக்கெடுப்பில் முதல் வரி தெரியும்.

அந்த வருஷ ஆண்டு விழாவில் சிறந்த சேவை என்று எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஜி.எம். ஏற்பாடு. எம்.டி. கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்தார். இரண்டு நிமிஷம் பேசச் சொன்னார்கள், எப்படிச் சரிசெய்தேன் என்று. மைக் முன்னால் நின்றேன். மூன்றாவது வரிசையில் ஜெசிந்தா, மடியில் மகள். ‘தேவையில்லாததை எல்லாம் அகற்றினோம், அவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள், மற்றவர்கள் தட்டிய அளவுக்கு.

மூன்று விநாடி. நான் ஓய்வு பெற்று வந்த பிறகு புது சர்வர் வாங்கினார்கள், பெங்களூர் ஆட்கள் வந்து வைத்தார்கள். அதிலும் அந்த வேகம் வரவில்லை என்று போன மாதம் ஜி.எம். சம்பந்தம் போனில் சொன்னார். ‘உங்க ரெக்கார்டு அப்படியே இருக்கு மேடம்’ என்றார். இருக்கும். அதைவிடக் குறைவாக யாரால் எழுத முடியும்?